ஸ்கேனில் ஆறு வாரம், வீட்டுக் கணக்கில் நாலு வாரம்: எது சரி?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அக்கரைப்பற்றுப் பக்கத்தைச் சேர்ந்தவர். கட்டாரில் வேலை ஒப்பந்தம் முடிந்து வீடு வந்து 30 நாட்கள் ஆகின்றன. மனைவிக்கு மாதவிடாய் தள்ளிப்போய், சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது. வயிற்றின் மேலாக எடுத்த ஸ்கேனில் 5 வாரம் 6 நாள் என்றும், கருப்பைக்குள் ஒரு பையும் அதனுள் சிறிய வளையமும் தெரிகின்றன, முளையம் (பிள்ளையாக வளரும் கரு) இன்னும் தென்படவில்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 30 நாளுக்குள் ஆறு வாரம் எப்படி வந்தது, பிள்ளை இல்லாமல் பை மட்டும் எப்படி இருக்கும், கர்ப்பம் என்று அறியாத நாட்களில் காய்ச்சலுக்கு எடுத்த பரசிற்றமோலும் மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்புக்குப் போய்வந்ததும் கேடு செய்திருக்குமா என்பன அவர் எழுதிய மூன்று கேள்விகள். முதலாவது கேள்விக்கு உள்ளே அவர் எழுதாத நான்காவது ஒன்றும் இருக்கிறது.

அந்த எழுதாத கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் 30 நாளுக்கும் அறிக்கையின் 5 வாரம் 6 நாளுக்கும் இடையில் முரண்பாடு எதுவும் இல்லை. மனைவியைக் குறித்து மனம் குழம்புவதற்கு இந்த அறிக்கையில் ஒரு துளி இடமும் இல்லை. மகப்பேற்று விடுதிகளில் வேலை செய்த காலத்திலும், பின்னர் மருத்துவ மாணவர்களுக்கு முளையவியல் கற்பித்த நீண்ட காலத்திலும், இந்த ஒரு கணக்கில் தடுமாறாதவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பரீட்சையில் வீணாகப் புள்ளி இழந்த மாணவர்கள் ஒருபுறம். வளைகுடா நாடுகளுக்கு ஆள் போய்வரும் வீடுகளில், மாமியாரின் விரல் கணக்கால் வீணாகக் கண்ணீர் விட்ட பெண்கள் மறுபுறம்.

கர்ப்பத்தின் வாரங்களை வைத்தியர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்த நாளில் கர்ப்பம் என்று ஒன்று இல்லை. கருக்கட்ட வேண்டிய சூல்கூட, அதாவது பெண்ணின் முட்டைகூட, அப்போது சூலகத்தை விட்டு வெளியேறியிருக்காது. 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்குச் சூல் வெளியேறுவது ஏறக்குறைய 14ஆம் நாளில். பேறுகாலத் திகதியை மாதவிடாயிலிருந்து 280 நாள் என்று குறிக்கிறோம். கருக்கட்டிய நாளிலிருந்து எண்ணினால் அதே திகதி 266ஆம் நாளாக வரும். இரத்தப்போக்குத் தொடங்கிய நாளைப் பெண் அறிவாள், கருக்கட்டிய நாளை ஒருவரும் கண்ணால் காண்பதில்லை என்பதனால்தான் இந்த வழக்கம் நிலைத்தது. ஸ்கேன் இயந்திரமும் இதையே பின்பற்றுகிறது: பையின் விட்டத்தை அளந்ததும், தன்னிடமுள்ள அட்டவணைப்படி, அந்த இரண்டு வாரத்தையும் தானாகச் சேர்த்தே வாரத்தையும் நாளையும் காட்டும். ஆகவே அறிக்கையின் 41 நாளில் 14ஐக் கழித்தால், முளையத்தின் உண்மையான வயது 27 நாள் என்று வருகிறது. நீங்கள் வீட்டுப் படியேறிய நாளில், இந்தக் கணக்கின்படி, 11 நாள் ‘கர்ப்பம்’ ஏற்கெனவே கடந்திருந்தது. உள்ளே நடந்துகொண்டிருந்ததோ ஒரு சூல் முதிர்வது மட்டும்தான்.

இந்த 27ஐயும் கல்லின்மேல் எழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முளையம் தெரியாத நிலையில் பையை மட்டும் அளந்து சொல்லும் வயது பல நாட்கள் முன்பின்னாக இருக்கலாம். சுற்று ஒழுங்கற்ற பெண்களுக்கு 14 என்ற எண்ணும் பொருந்தாது. விந்து பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். வெளியேறிய சூலோ ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. எனவே தம்பதியர் கூடிய நாளும் கருக்கட்டிய நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. ஆதலால் இன்ன நாளில்தான் தங்கியது என்று எந்த ஸ்கேனும் சொல்ல மாட்டாது. அப்படிச் சொல்பவரின் பேச்சை நம்பிக் குடும்பத்தில் விசாரணை நடத்தவும் கூடாது.

இனி அந்த 27 நாளில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்கிறேன்; பை ஏன் வெறுமையாகத் தெரிகிறது என்பதற்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. கருக்கட்டல் பெரும்பாலும் பலோப்பியன் குழாயின் சூலகப் பக்கத்து அகன்ற பகுதியில் நடக்கிறது. சூலின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. கருக்கட்டிய சூல், அதாவது நுகம், ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இரண்டு கலங்களாக (உயிரணுக்களாக) பிரிகிறது; மூன்றாம் நாளில் எட்டுக் கலங்கள் அளவில் இருக்கும். இத்தனை பிரிவுக்குப் பிறகும் அது பருமனில் பெருப்பதில்லை, ஒரே உறைக்குள் கலங்கள்தான் சிறுத்துக்கொண்டு போகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்கள் அது ஓடுவது தாய் சூலுக்குள் முன்கூட்டியே சேர்த்து வைத்த சரக்கில்தான். நான்கு முதல் எட்டுக் கலங்கள் ஆகும் கட்டத்தில்தான் முளையத்தின் சொந்தப் பரம்பரையலகுகள் பெருமளவில் வேலையைத் தொடங்குகின்றன. தகப்பனுடைய பங்கு உண்மையில் பேசத் தொடங்குவதும் அங்கேதான்.

நான்காம் நாளளவில் அது கருப்பைக்குள் வந்து சேர்கிறது. ஐந்தாம் நாளில் உள்ளே நீர் சேர்ந்து, ஒரு குழியும், குழியைச் சுற்றி ஒரு படைக் கலங்களும், ஒரு பக்கத்தில் சிறு கலத் திரளுமாக அரும்பர்ச்சிறைப்பை என்ற நிலையை அடைகிறது. இந்த இடத்தில் மாணவர்களை எப்போதும் சற்று நிறுத்துவேன். சுற்றியிருக்கும் படை சூல்வித்தகத்துக்கு (நச்சுக்கொடிக்கு) போகும், திரளிலிருந்துதான் பிள்ளை வரும்; எந்தக் கலம் எந்தப் பக்கம் என்பது தீர்மானமாகும் முதல் பிரிவினை இதுதான். அந்தத் திரளிலும் எல்லாக் கலங்களும் பிள்ளையாவதில்லை, ஒரு பகுதி மறுபடியும் துணை உறுப்புகளுக்கே போய்விடுகிறது. ஆறாம் ஏழாம் நாட்களில் அது உறையை உடைத்து வெளியேறிக் கருப்பையின் உட்சுவரில் ஒட்டத் தொடங்குகிறது; இதையே உட்பதித்தல் என்கிறோம். அமெரிக்காவில் அலன் வில்கொக்ஸ் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நிலைத்த கர்ப்பங்களில் உட்பதித்தல் சூல் வெளியேறி 6 முதல் 12 நாட்களுக்குள் நடந்தது. அவற்றில் 84 சதவீதம் 8ஆம், 9ஆம், 10ஆம் நாட்களில். அதற்கு முன்னர் தாயின் உடலில் கர்ப்பத்தை அறிவிக்கும் ஓமோன் அளவிடக்கூடிய அளவில் இராது. ஆகவே கூடிய மறுநாளோ மூன்றாம் நாளோ பார்மசியில் குச்சி வாங்கிச் சோதிப்பது காசுக்குக் கேடு.

இரண்டாம் வாரம் முழுவதும் நடப்பது பிள்ளை வேலையை விடக் குடியேறும் வேலை என்றே சொல்லவேண்டும். வெளிப்படைக் கலங்கள் கருப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்து, 12ஆம் நாளளவில் முழுவதையும் சுவருக்குள் புதைத்துவிடுகின்றன. பிள்ளைக்குரிய திரள் இப்போது இரண்டு படைகள் கொண்ட ஒரு தட்டு மட்டும். அதன் மேலே நீர்க்குடத்தின் (பிள்ளை மிதக்கும் நீர்ப் பை) தொடக்கமும் கீழே மஞ்சட்கருப் பையும் உருவாகின்றன. உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கும் சிறு வளையம் பெரும்பாலும் இந்த மஞ்சட்கருப் பைதான். கோழி முட்டையில் போல மனிதரில் அதற்குள் மஞ்சட்கரு கிடையாது, ஆயினும் அது வெறும் எச்சம் அல்ல: பிள்ளையின் முதல் இரத்தக் கலங்கள் அதன் சுவரில்தான் தோன்றுகின்றன, பின்னொரு காலத்தில் இந்தப் பிள்ளையின் சூலாகவோ விந்தாகவோ ஆகப்போகும் மூலக் கலங்களும் நான்காம் வாரத்தில் அந்தச் சுவரில் காணப்படுகின்றன. உங்களுக்கு அந்த வளையம் வேறொரு வகையிலும் நல்ல செய்தி. கருப்பைக்குள் இருக்கும் பையில் அது தெரிந்தால், கர்ப்பம் குழாயில் தங்கிவிட்டதோ என்ற பெரிய பயம் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது.

மூன்றாம் வாரத்தில்தான் உடல் என்று சொல்லத்தக்க ஒழுங்கு வருகிறது. தட்டின் நடுவே ஒரு கோடு தோன்றும். அதன் வழியாகக் கலங்கள் உள்ளே இறங்கி மூன்று படைகளாக விரிகின்றன. மேற்படையிலிருந்து தோலும் நரம்பும், நடுப்படையிலிருந்து தசையும் எலும்பும் இரத்தமும், கீழ்ப்படையிலிருந்து குடலின் உட்புறமும் சுவாசப்பையின் உட்புறமும் வரும். அந்தக் கோடு தோன்றியதும் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம், இடம் எது, வலம் எது என்பதெல்லாம் நிலைபெறத் தொடங்குகின்றன. பொதுவாக ஒரு கரு இரண்டாகப் பிரிந்து ஒத்த இரட்டையர் ஆவதும் இந்தக் கட்டத்துக்கு முன்னர்தான். 22ஆம் நாளளவில் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அது நான்கு அறை கொண்ட உறுப்பு அல்ல, வளையத் தொடங்கியிருக்கும் ஒரு குழாய். அதே நாட்களில் முதுகுப்புறத்தில் நரம்புத் தட்டின் இரு கரைகளும் எழுந்து நடுவில் கூடி ஒரு குழாயாக மூடுகின்றன. மூடல் நடுவில் தொடங்கி மேலும் கீழுமாகப் போகும். தலைப்பக்கத் துவாரம் 25ஆம் நாளளவிலும் கீழ்ப்பக்கத் துவாரம் 28ஆம் நாளளவிலும் அடைபடும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை உருவாகாத பிள்ளையும், கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளந்த பிள்ளையும் பிறக்க நேரும்.

ஆக, உங்கள் மனைவியின் வயிற்றில் இப்போது 27 நாள் முளையம் இருக்குமானால், அதன் முழு நீளமும் ஒரு சம்பா அரிசி மணியை மீறாது. வயிற்றின் மேலாக, தோலையும் கொழுப்பையும் மூத்திரப்பையையும் கடந்து பார்க்கும் ஸ்கேனில் அது தெரியாமற் போவது வழமை. யோனி வழி ஸ்கேனில் ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகவே தெரியத் தொடங்கும். வெறும் பை, வளர்ச்சி நின்ற கர்ப்பம் என்று முடிவு கட்ட வைத்தியர்கள் இப்போது கடுமையான அளவுகோலையே வைத்திருக்கிறார்கள்: யோனி வழி ஸ்கேனில் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தும் முளையம் இல்லாதிருக்க வேண்டும், அல்லது 7 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ நீளமான முளையத்தில் இருதயத் துடிப்பு இல்லாதிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த அளவில் ஒரே ஸ்கேனை வைத்துக்கொண்டு ‘பிள்ளை இல்லை, கழுவிவிடலாம்’ என்று யாராவது சொன்னால், பொறுங்கள், இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. அதே வேளை, எல்லாம் நலம் என்று இங்கிருந்து நான் உறுதி கொடுக்கவும் முடியாது. சில பைகளில் முளையம் தொடங்கி நின்றுவிடுவதும் உண்மை. அதை இன்றைய படத்தை வைத்து எவரும் பிரித்தறிய முடியாது, அடுத்த படம்தான் சொல்லும்.

இவ்வளவையும் நாள் குறித்துச் சொல்கிறேனே, இதையெல்லாம் யார் கண்டது என்ற கேள்வி நியாயமானது. 1938 முதல் 1950களின் தொடக்கம் வரை பொஸ்டனை அடுத்த புரூக்லைனில் ஆர்தர் ஹேர்ட்டிக், ஜோன் ரொக் என்ற இரு வைத்தியர்கள், வேறு நோய்க்காகக் கருப்பையை அகற்றவிருந்த 200க்கு மேற்பட்ட பெண்களிடம் மாதவிடாய்த் திகதியையும் கணவரோடு கூடிய நாட்களையும் குறித்துவைக்கச் சொல்லி, அகற்றிய கருப்பைகளையும் குழாய்களையும் உருப்பெருக்கியின் கீழ் அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை 34 முளையங்கள். முதல் 17 நாட்களைப் பற்றிப் பாடநூல்களில் நாம் பார்க்கும் படங்களில் பெரும் பகுதி அந்த 34இலிருந்து வந்தவை. அந்த முறையில் இன்று எந்த ஒழுக்கவியல் குழுவும் அனுமதி தராது. தரவும் கூடாது என்பதே என் எண்ணம். ஆயினும் அந்தப் பெண்கள் இல்லாமல் நான் ஒரு விரிவுரையும் எடுத்திருக்க முடியாது. 1978 ஜூலை 25இல் சோதனைக்குழாய் முறையில் லூயிஸ் பிரவுன் பிறந்ததற்குப் பின்னர், முதல் ஐந்தாறு நாட்களை ஆய்வுகூடத்தில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. அதனால் அந்த நாட்களைப் பற்றி நாம் சொல்வது மிகவும் உறுதியானது. 2016இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தாயின் உடலுக்கு வெளியே 12, 13 நாள் வரை முளையங்களை வளர்த்துப் பார்த்தன. அவை அங்கேயே நிறுத்தப்பட்டதற்குக் காரணம், முளைய ஆய்வு பற்றிப் பிரித்தானியாவில் வந்த 1984ஆம் ஆண்டின் வார்னொக் அறிக்கைக்குப் பின்னர் பல நாடுகள் கைக்கொண்ட 14 நாள் எல்லை.

அந்த எல்லைக்கும் நான்காம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் இன்றும் மங்கலானது. அந்த நாட்களில் பெண்ணுக்கே கர்ப்பம் என்று தெரிந்திருக்காது, ஆய்வுகூடத்திலும் வளர்க்கக் கூடாது. ஆகவே கிடைத்த மாதிரிகள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. 2021இல் 16 முதல் 19 நாள் வயதுடையதெனக் கணிக்கப்பட்ட ஒரே ஒரு முளையத்தைக் கலம் கலமாகப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்டதே பெரிய செய்தியானது. மீதியை எலியிலிருந்தும் குரங்கிலிருந்தும், அண்மைக் காலத்தில் தண்டுக் கலங்களால் (பல வகைக் கலங்களாக மாறக்கூடியவை) ஆக்கப்படும் மாதிரி உருவங்களிலிருந்தும் ஊகிக்கிறோம். எலியின் முளையம் அந்தக் கட்டத்தில் கிண்ண வடிவானது, மனித முளையமோ தட்டை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு எழுதிவிட முடியாது. எனவே மூன்று படைகள் உருவாகும் ஒழுங்கையும் நரம்புக் குழாய் மூடும் ஒழுங்கையும் உறுதியானவை என்று கொள்ளுங்கள். நான் சொன்ன 22ஆம் நாள், 25ஆம் நாள் என்பவற்றுக்கு ஓரிரு நாள் தளர்வு கொடுங்கள். எந்தச் சமிக்ஞை எந்தக் கலத்தை எங்கே அனுப்புகிறது என்று இணையத்தில் வரும் அழகான அசைபடங்களில் பாதியை இப்போதைக்குக் கருதுகோள் என்றே வையுங்கள்.

மாத்திரையும் மோட்டார் சைக்கிளும் பற்றிய கேள்வி. வில்கொக்ஸ் குழுவினரின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், உட்பதித்த கர்ப்பங்களில் 31 சதவீதம் இழக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பெண்ணுக்கே தெரியவருமுன் நின்றவை. ஆரம்ப வாரங்களில் நிற்கும் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், பரம்பரையலகுகளைத் தாங்கும் இழைகளான நிறமூர்த்தங்களின் எண்ணிக்கைப் பிழை. அது பெரும்பாலும் சூல் முதிரும்போதே நேர்ந்துவிடுவது. வண்டியில் போனதும், தண்ணீர்க் குடம் தூக்கியதும், பழுத்த பப்பாசித் துண்டு தின்றதும் கருவைக் கலைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பரசிற்றமோல் உரிய அளவில் எடுத்தது குற்றமுமல்ல. கடுங்காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதே கூடாது. கருக்கட்டியதிலிருந்து முதல் இரண்டு வாரத்தில் நச்சு மருந்து பட்டால், பொதுவாகக் கரு முற்றாக நின்றுவிடும் அல்லது முற்றாகத் தேறிவிடும். குறைபாடு உண்டாக்கும் காலம் அதற்குப் பின்னர் எட்டாம் வாரம் வரை. தலிடோமைட் மருந்து கை கால்களைக் குறுக்கியது கருக்கட்டி 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையில் விழுங்கிய தாய்மாரின் பிள்ளைகளில்தான். ஆகவே கடந்த வாரங்களை எண்ணி வருந்துவதை விட்டு, இனி வரும் வாரங்களைப் பாருங்கள்: முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினொயின், வலிப்புக்கான வல்ப்ரோயேற், இரத்தம் உறையாமைக்கான வார்பரின் போன்றவை எதையாவது மனைவி எடுப்பவரானால் இன்றே வைத்தியரிடம் சொல்லவேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

போலிக் அமிலத்தைப் பற்றி ஒன்று. நரம்புக் குழாய் 28ஆம் நாளளவில் மூடிவிடுகிறது என்றேன். அதாவது மாதவிடாய் தள்ளி இரண்டு வாரத்துக்குள், பலர் கிளினிக்குக்குப் போகவே முன்னர். அதனால்தான் கருத்தரிக்கும் முன்னரே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்கள் மனைவி இதுவரை எடுக்கவில்லை என்றால் பதற வேண்டியதில்லை, பெரும்பாலான பிள்ளைகளில் குழாய் ஒழுங்காகவே மூடுகிறது, இன்றிலிருந்து தொடங்கட்டும். ஆனால் இதை வாசிக்கும், இன்னும் டோகாவிலோ ரியாத்திலோ இருக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வரும் நாள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், விமானச் சீட்டுப் பதியும்போதே மனைவியைப் பகுதி மருத்துவமாதுவிடம் போலிக் அமிலம் கேட்கச் சொல்லுங்கள். உள்ளூரில் வேலை செய்யும் கணவருக்கு இல்லாத வசதி இது.

இனிச் செய்யவேண்டியது: உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் இந்த வாரமே பதிவு செய்து, இரத்த வகையைப் பார்த்துவையுங்கள். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள், இயலுமானால் யோனி வழியாக, மறுபடி ஸ்கேன் எடுங்கள். இடையில் அடிவயிற்றில் ஒருபக்கக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம், பெருமளவு இரத்தப்போக்கு எது வந்தாலும் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மறுநாள் கிளினிக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. அடுத்த அறிக்கை கையில் வந்ததும் பையின் அளவை விட்டுவிட்டு, முளையத்தின் தலையிலிருந்து பிட்டம் வரையான நீளம் எவ்வளவு, துடிப்பு உண்டா என்ற இரண்டையும் பாருங்கள். மாதவிடாய்த் திகதி நிச்சயமில்லாதபோது பேறுகாலத் திகதியை அந்த நீளத்தைக் கொண்டே குறிப்பார்கள். அப்போதும் 14 நாளைக் கழித்துத்தான் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.